எதிர்ப்பு என்ற சொல்லின் பொருளும் அதன் எதிர்ச்சொல்லும்

ஏழாம் வகுப்பில் படிக்கும் தம் மகளின் தமிழ் விடைத்தாளை வைத்துக்கொண்டு ஒரு தாய் கேட்ட கேள்விகளுக்கு இது பதில். “ஊரில் ஆலை வரப்போகிறது என்ற அறிவிப்புக்கு மக்களிடையே எதிர்ப்பு இருந்தது” என்ற தொடரைக் கொடுத்து, ‘எதிர்ப்பு’ என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் எழுதச் சொல்லியிருந்தார்கள். மகள் ‘வரவேற்பு’ என்று எழுதினாள். அதை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘ஆதரவு’ என்று எழுதித் தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ‘எதிர்ப்பு’ என்றால் சரியாக என்ன பொருள், அதன் எதிர்ச்சொல் எது, மகள் எழுதியது தவறுதானா என்று கேட்கிறார் அந்தத் தாய். ‘நோய் எதிர்ப்பு சக்தி’ என்று எழுதும்போது நடுவே ‘ச்’ வருமா என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘எதிர்ப்பு’ என்று தனிச்சொல்லாக மட்டும் கொடுத்துக் கேட்டால், ‘ஆதரவு’ என்று எழுதுவதே இன்றைய பொதுவழக்கு. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தொடரில் ‘வரவேற்பு’ என்று எழுதியது தவறன்று. அதோடு நிறுத்திக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. சொல்லின் வேர்வரை போய்ப் பார்த்தால், அந்தப் பெண் எழுதியதே பொருளுக்கு மிக நெருங்கிய விடை. ஏன் அப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

‘எதிர்’ என்ற அடிச்சொல்லுக்கு முதற்பொருள் ‘முன்பக்கம்’, ‘முகத்துக்கு நேர்’ என்பதுதான். பகையோ மறுப்போ அதில் பிறவியிலேயே கிடையாது. “எதிர்த்த வீட்டில் கொஞ்சம் காப்பித்தூள் வாங்கி வா” என்று சொல்லும்போது, அந்த வீட்டாரோடு நமக்கு எந்தச் சண்டையும் இல்லை; சொல்லப்போனால், கேட்டதும் கொடுக்கிற அளவுக்கு நெருங்கிய வீடு அதுதான். தெருவில் நம் வாசலும் அவர்கள் வாசலும் நேருக்கு நேர் பார்க்கின்றன என்பதற்கு மேல் அந்த ‘எதிர்த்த’ என்ற சொல்லுக்கு வேறு பொருள் இல்லை. எதிரொலி நம்மை மறுப்பதில்லை. நாம் சொன்னதையே நம் முகத்துக்கு நேராகத் திருப்பி அனுப்புகிறது. ஊருக்குப் புறப்படும்போது யார் எதிரே வருகிறார்கள் என்று பெரியவர்கள் பார்ப்பதும் இந்த முதற்பொருளில்தான்.

முகத்துக்கு நேரே இருப்பது என்ற பொருளிலிருந்து, முகத்துக்கு நேரே வந்துகொண்டிருப்பது என்ற பொருள் பிறந்தது. இதை நம் இலக்கணமே காட்டுகிறது. தொல்காப்பியர் மூன்று காலங்களையும் ‘இறப்பின் நிகழ்வின் எதிர்வின்’ என்று குறிக்கிறார். கடந்துபோனது இறப்பு, நடப்பது நிகழ்வு, நம்மை நோக்கி வருவது எதிர்வு. வள்ளுவரும் 429ஆம் குறளில் ‘எதிரதாக் காக்கும் அறிவினார்’ என்கிறார். வரப்போவதை முன்னரே அறிந்து காத்துக்கொள்பவர்கள் என்பது அதன் பொருள். நாம் அன்றாடம் சொல்லும் எதிர்காலம், எதிர்பார்ப்பு, எதிர்பாராத விருந்தாளி எல்லாம் இந்தக் கிளையில் பூத்தவை. எதிர்காலம் நமக்குப் பகையான காலமா என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை, ஏனென்றால் ‘வருவது’ என்ற பொருளை அது தானாகவே உணர்ந்துவிடுகிறது.

வருகிற ஒன்றின் முன்னே போய் நிற்பவர் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். வாருங்கள் என்று கைகூப்பலாம். வராதே என்று காலூன்றலாம். தமிழில் இவ்விரண்டு செயலுக்கும் ‘எதிர்’ என்ற ஒரே வேர்தான் நிற்கிறது. ‘எதிர்கொண்டு அழைத்தல்’ என்றால் வாசல்வரை, சில வேளைகளில் ஊர் எல்லைவரை போய் வரவேற்பது. ‘எதிர்கொண்டு போரிடல்’ என்றாலும் அதே இடத்துக்குத்தான் போகிறோம். செய்வது மட்டும் வேறு.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சித்திரைத் திருவிழாவின்போது மதுரைக்குப் போக வேண்டும். அழகர் கள்ளர் வேடம் பூண்டு அழகர்கோயிலிலிருந்து பல்லக்கில் புறப்பட்டு வருவார். வைகையில் இறங்குவதற்கு முந்தின நாள், மூன்றுமாவடியில் மதுரை மக்கள் திரண்டு நின்று அவரை அழைக்கிறார்கள். கையில் செம்பு, செம்பு நிறையச் சர்க்கரை, அதன் வாயை மூடிய வாழையிலை, இலையின் மேல் எரியும் சூடம். அந்தச் சூடத்தின் வெளிச்சத்தில் கூட்டம் முழுவதும் வடக்கே பார்த்துக்கொண்டு நிற்கும். இந்த நிகழ்ச்சிக்கு மதுரை வைத்திருக்கும் பெயர் ‘எதிர்சேவை’. அழகரை எதிர்ப்பதா அது? அவர் வருகிற திசைக்கு முகம் கொடுத்து நின்று ஏற்றுக்கொள்வது. ‘எதிர்’ என்ற சொல்லுக்கு வகுப்பறையில் நான் எடுத்துக்காட்டுச் சொல்ல வேண்டி வந்தால் அகராதியைத் திறப்பதற்கு முன் இதைத்தான் சொல்வேன்.

தமிழுக்கு மட்டும் இப்படி வாய்த்தது என்று நினைக்க வேண்டியதில்லை. மலையாளத்தில் ‘எதிர்ப்பு’ என்றால் நாம் சொல்லும் எதிர்ப்புதான். ‘எதிரேல்க்குக’ என்றால் வரவேற்பது. தெலுங்கில் ‘எதுரு சூசு’ என்பதும் கன்னடத்தில் ‘எதுரு நோடு’ என்பதும் நம் ‘எதிர்பார்’ என்பதன் உடன்பிறப்புகள். கன்னடத்தில் ‘எதுருகொள்ளு’ என்றாலும் எதிர்கொண்டு வரவேற்பதே. இந்த மொழிகளிலெல்லாம் வாசலில் நிற்பவரின் இருவகைச் செயலையும் ஒரே வேர் தாங்குகிறது என்றால், அந்தப் பொருள் மிகப் பழையது என்று கொள்ளலாம்.

இனி வினைச்சொற்களுக்கு வருவோம். இந்த அடியிலிருந்து இரண்டு வினைகள் கிளைத்திருக்கின்றன: எதிர்தல், எதிர்த்தல். ‘எதிர்ந்தான்’ என்றால் நேர்ப்பட்டான், சந்தித்தான், ஏற்றான். ‘எதிர்த்தான்’ என்றால் முன்நின்று தடுத்தான். முன்னதிலிருந்து ‘எதிர்வு’ என்ற பெயரும், பின்னதிலிருந்து ‘எதிர்ப்பு’ என்ற பெயரும் பிறந்தன. தீர்தலிலிருந்து தீர்வும், தீர்த்தலிலிருந்து தீர்ப்பும் பிறந்தது போலத்தான் இதுவும். பேச்சில் ‘எதிர்தல்’ வழக்கொழிந்துவிட்டது. எதிர்காலம், எதிர்கொள், எதிர்பார் ஆகியவற்றின் உள்ளே மட்டும் உயிரோடிருக்கிறது. ‘எதிர்த்தல்’ நாள்தோறும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

எனவே ‘எதிர்ப்பு’ என்பதற்கு நான் சொல்லும் பொருள் இது: நம்மை நோக்கி வருகிற ஒன்றின் முன்னால் நின்று, அதை மேலே வரவிடாமல் தடுக்க முயல்வது. இதில் மூன்று கூறுகள் இருக்கின்றன. வருகிற ஒன்று வேண்டும். அதன் முன்னால் ஒருவர் நிற்க வேண்டும். அவர் விலகாமல் இருக்க வேண்டும். போர்ச் செயல்களை வகைப்படுத்தி வஞ்சி, காஞ்சி என்று பெயரிடும் புறத்திணைகளைச் சொல்லும் பழைய வெண்பா ஒன்றில் இம்மூன்றும் இரண்டே அடிகளில் அடங்கியிருக்கின்றன. ‘வட்கார்மேற் செல்வது வஞ்சியாம் உட்காது / எதிரூன்றல் காஞ்சி’ என்பது அந்தப் பகுதி. வட்கார் என்றால் பகைவர். அவர்கள் நிலத்தின் மேல் படையெடுத்துப் போவது வஞ்சி. அப்படி வரும் படைக்கு அஞ்சாமல் எதிரே கால் ஊன்றி நிற்பது காஞ்சி. (‘உட்காது’ என்பதற்கு இங்கே அஞ்சாமல் என்று பொருள். உட்காருவதோடு அதற்குத் தொடர்பில்லை. மாணவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள்.) ‘ஊன்றல்’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். எதிர்ப்பவன் நகர்வதில்லை. நகர்கிறவன் எதிரில் வருகிறவன். வள்ளுவர் படையைப் பற்றிச் சொல்லும்போதும் ‘கூற்றுடன்று மேல்வரினும் கூடி எதிர்நிற்கும் ஆற்றல்’ என்று, வருதலையும் நிற்றலையும் அடுத்தடுத்து வைக்கிறார். மேல்வருதல் கூற்றுவன் செயல். எதிர்நிற்றல் படையின் செயல்.

இந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், நாம் கலந்து கட்டிப் புழங்கும் பல சொற்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். கண்டனத்தையும் எதிர்ப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். நடந்து முடிந்த ஒரு படுகொலையை நாம் கண்டிக்கிறோம். அதை எதிர்க்க முடியாது, ஏனென்றால் அது இனி வரப்போவதில்லை. நாளைக்குச் சாலையோர மரங்களை வெட்டப் போகிறார்கள் என்றால் அதை எதிர்க்கலாம், வெட்டி முடித்த பிறகு கண்டிக்கலாம். “வெளிவந்துவிட்ட தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்கிறார்களே” என்று யாராவது கேட்கக்கூடும். தீர்ப்பு கடந்த காலத்தது என்பது உண்மை. அதன் விளைவு இன்னும் வந்து சேரவில்லை, அதைத்தான் எதிர்க்கிறார்கள். தண்டனையை அனுபவித்து முடித்து வெளியே வந்தவர் பழைய தீர்ப்பை ‘எதிர்க்கிறேன்’ என்று சொன்னால், அது அவர்மேல் இன்னும் ஏதோ ஒரு வகையில் வந்துகொண்டிருக்கிறது என்றே பொருள்.

மறுப்பு சொல்லளவில் நிற்பது. ஒருவர் சொன்னது உண்மையில்லை என்றோ, கேட்டதைத் தர இயலாது என்றோ சொல்வது மறுப்பு. அதற்குக் காலூன்ற வேண்டியதில்லை. ஆட்சேபணை அலுவலகத்துச் சொல். அங்கே அதன் எதிர்நிலைக்கு ‘ஆட்சேபணையின்மை’ அல்லது ‘தடையின்மை’ என்று பெயர் வைத்து, சான்றிதழாகவே கொடுக்கிறார்கள். இடித்துரை என்பது பக்கத்தில் நின்றுகொண்டே தவறைச் சொல்வது. அமைச்சன் அரசனுக்குச் செய்வது, நண்பன் நண்பனுக்குச் செய்வது. இடித்துரைப்பவன் முன்னால் போய் நின்று வழிமறிப்பதில்லை என்பதால் அதை எதிர்ப்பு என்று சொல்லக்கூடாது. நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இந்த ஒரு வேறுபாட்டை மறந்துவிடுவதால், நல்லது சொல்ல வந்த பலரை ‘எதிர்க்கிறான்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது எனக்கு எப்போதும் வருத்தம் தரும்.

பகையையும் இதில் கலக்கக்கூடாது. பகைக்கு எதிர்ச்சொல் நட்பு. எதிர்ப்போ, நட்புக்குள்ளேயும் இருக்கலாம். மகன் எடுத்த முடிவை ஒரு தாய் கடுமையாக எதிர்ப்பாள், அவனுக்குப் பிடித்த குழம்பையும் அன்றைக்கே வைப்பாள். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் 1906இல் தொடங்கிய போராட்டத்தை முதலில் எல்லோரும் ‘சாத்வீக எதிர்ப்பு’ என்று தமிழில் நாம் சொல்லும் பெயரின் ஆங்கில வடிவத்தால்தான் அழைத்தார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. வலுவில்லாதவர்களின் கருவி என்றும், உள்ளே வெறுப்பு தங்கலாம் என்றும் அது பொருள்பட்டுவிடும் என்று கருதினார். தாம் நடத்திவந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் பரிசு அறிவித்து வேறு பெயர் கேட்டார். அவருடைய உறவினர் மகன்லால் காந்தி ‘சதாக்கிரகம்’ என்று எழுதி அனுப்பினார். காந்தியடிகள் அதைச் சற்றே மாற்றிச் ‘சத்தியாக்கிரகம்’ ஆக்கிக்கொண்டார். அந்தப் போராட்டத்தில் சிறைசென்று, 1914இல் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மை உள்ளிட்ட தமிழர் பலர் இருந்தார்கள். பெயர் மாறினாலும் அவர்கள் செய்தது, நான் மேலே சொன்ன பொருளில், எதிரூன்றல்தான். பகையில்லாமல் ஊன்றி நிற்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இப்போது எதிர்ச்சொல். ‘எதிர்ச்சொல்’ என்ற சொல்லிலும் ‘எதிர்த்த வீடு’ என்பதில் உள்ள பொருள்தான் இருக்கிறது; ஒரு சொல்லுக்கு நேரே, அதே தெருவில் நிற்கும் சொல். வேறு தெருவில் உள்ள வீட்டை நாம் எதிர்வீடு என்று சொல்வதில்லை. அதுபோல, ஒரு தொடரில் ஒரு சொல் இருக்கும் இடத்திலேயே, மற்றச் சொற்களை மாற்றாமல், பொருளை மட்டும் புரட்டிப் போடுகிற சொல்லே அந்தத் தொடரில் அதற்கு எதிர்ச்சொல். ‘எதிர்ப்புத் தெரிவித்தனர்’ என்ற இடத்தில் ‘ஆதரவு தெரிவித்தனர்’ என்று அப்படியே வைக்கலாம். ‘பலத்த எதிர்ப்பு’ என்ற இடத்தில் ‘பலத்த வரவேற்பு’ என்று வைக்கலாம். ஆனால் ‘இணக்கம் தெரிவித்தனர்’ என்று நாம் எழுதினாலும், ‘பலத்த இணக்கம்’ என்று எந்தத் தமிழரும் எழுதமாட்டார். ‘பணிவு தெரிவித்தனர்’ என்பதும் அப்படித்தான். இணக்கமும் பணிவும் எதிர்ப்புக்கு மாறானவைதாம், ஐயமில்லை. ஆனால் அவை பக்கத்துத் தெருவில் இருக்கின்றன.

ஆதரவு என்ற சொல்லையும் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். வடமொழி ‘ஆதரம்’ என்பதன் வழியே நமக்கு வந்தது அது; அன்பு, மதிப்பு, பேணுதல் என்பவை அதன் பழைய பொருள்கள். இன்றைக்கும் ‘ஆதரவற்ற முதியோர்’ என்று சொல்லும்போது அந்தப் பேணுதல் என்ற பொருளே முன்நிற்கிறது. இந்த ஆதரவுக்கு எதிர்ச்சொல் எதிர்ப்பு ஆகாது. ஆதரவற்ற முதியவரை யாரும் எதிர்த்ததாகப் பொருளில்லை, கவனிக்க ஆளில்லை என்றே பொருள். ஆகவே எதிர்ப்புக்கு ஆதரவு எதிர்ச்சொல்லாக நிற்பது, கருத்துக்கும் கட்சிக்கும் தீர்மானத்துக்கும் ஒருவர் எந்தப் பக்கம் என்று சொல்லுகிற இடங்களில் மட்டுமே. அந்த இடங்கள் செய்தித்தாள்களில் மிகுதியாக வருவதால் இந்தச் சோடி நம் மனத்தில் இறுகிப்போயிருக்கிறது. அங்கேயும் ஒரு நுட்பம் உண்டு. தமிழ்நாடு சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பு நடக்கும்போது ‘ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க’ என்று கேட்பது மரபு. ஆதரவும் எதிர்ப்பும் வெளியே மேடையில் பேசும் சொற்கள். முடிவெடுக்கும் நொடியில் ஏற்பும் மறுப்பும் வந்துவிடுகின்றன. இந்த மரபுத்தொடரில் உள்ள துல்லியம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

நிற்கும் இடத்தை வைத்துப் பார்த்தாலும் தமிழ் மிகத் தெளிவாகப் பேசுகிறது. முன்னால் நின்றால் எதிர்ப்பு. பக்கத்தில் நின்றால் துணை, பக்கபலம். ‘உங்களுக்குப் பின்னால் நாங்கள் இருக்கிறோம்’ என்றால் ஆதரவு. ஒதுங்கி வழிவிட்டால் இடங்கொடுத்தல். வழியிலேயே தலைகுனிந்தால் அடிபணிதல். எதிர்ப்பவர் தம் இடத்தை மாற்றிக்கொண்டால் கிடைப்பவை இவை எல்லாம். அதே இடத்தில், வருகிறவருக்கு முகம் கொடுத்தபடியே நின்று, செயலை மட்டும் மாற்றிக்கொண்டால் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான். வரவை ஏற்பது. வரவு, ஏற்பு என்ற இரண்டும் சேர்ந்ததுதானே வரவேற்பு!

அந்தத் தொடரை மறுபடி படியுங்கள். ஆலை வரப்போகிறது என்று அறிவிக்கிறார்கள். வருகிற ஒன்று அங்கே இருக்கிறது. ஊர் அதற்கு முகம் கொடுத்து நிற்கிறது. வராதே என்றால் எதிர்ப்பு. வரட்டும் என்றால் வரவேற்பு. உங்கள் மகள் சொல்லின் வேரை ஆராய்ந்து எழுதினாள் என்று நான் சொல்லவில்லை. ‘திட்டத்துக்கு மக்கள் வரவேற்பு’ என்று செய்தியில் கேட்ட காதும், ‘வரப்போகிறது’ என்ற சொல்லைக் கவனித்த கண்ணும் சேர்ந்து அவளுக்கு அந்த விடையைக் கொடுத்திருக்கும். மொழியை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இப்படித்தான் சொல் வந்து விழும். அந்த விடையை அடித்தது சரியில்லை. பாடநூலின் பின்பக்கம் ஒரு சொல்லுக்கு ஓர் எதிர்ச்சொல் என்று அச்சிட்டிருந்தாலும், திருத்துகிறவர் தொடரைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

தொடருக்குத் தொடர் எதிர்ச்சொல் மாறும் என்பதற்கு வேறு துறைகளிலும் சான்றுகள் உண்டு. மருத்துவத்தில் ‘எதிர்ப்பு’ இரண்டு பக்கமும் நிற்கும். ‘நோய் எதிர்ப்பு’ என்றால் நம் உடல் நோயை எதிர்ப்பது. ‘மருந்து எதிர்ப்பு’ என்றால் கிருமி மருந்தை எதிர்ப்பது. முதலாவதில் எதிர்ப்பவர் நம் பக்கத்து ஆள், இரண்டாவதில் எதிர்ப்பது நமக்கு ஆகாதது. இங்கே ஆதரவு என்று எழுதினால் பொருளே இராது. ‘மருந்து ஆதரவுக் காசநோய்’ என்று ஒன்று உண்டா? ஆனால் மக்கள் பேச்சில் சரியான சொல் இருக்கிறது: “காய்ச்சல் மருந்துக்குக் கட்டுப்படவில்லை” என்கிறார்கள். கட்டுப்படுதல்தான் இங்கே எதிர்ப்பின் எதிர்நிலை. நெற்பயிரில் குலைநோய்க்கு எதிர்ப்புத்திறன் உள்ள ரகம் என்று சொல்வதற்கு மாறாக, ‘குலைநோய் சட்டென்று தாக்கும் ரகம்’ என்பார் விவசாயி. அங்கே எதிர்நிலை தாக்குப்படுதல்.

நீதிமன்றத்தில் ‘எதிரிடை அனுபவ பாத்தியம்’ என்று ஒரு தொடர் உண்டு. பிறருடைய நிலத்தை, உரிமையாளரின் இசைவு இல்லாமல், அவர் அறியும்படி வெளிப்படையாக, இடைவிடாமல் 12 ஆண்டுகள் ஒருவர் அனுபவித்துவிட்டால், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி உரிமையாளர் அதை மீட்கும் உரிமையை இழந்துவிடக்கூடும். அரசு நிலமென்றால் 30 ஆண்டுகள். இந்த வழக்குகளில் ‘எதிரிடை’ என்பதன் எதிர்நிலை ஒன்றே ஒன்று, அனுமதி. ‘என் அனுமதியோடுதான் அவர் இருந்தார்’ என்று உரிமையாளர் மெய்ப்பித்துவிட்டால், எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்த அனுபவம் எதிரிடை ஆகாது. ஒரு சொல்லுக்கு எதிர்ச்சொல் எது என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் நிலம் தங்குவதும் போவதும் இருக்கிறது.

அரசியலில் எதிர்க்கட்சிக்கு எதிர்ச்சொல் ஆளுங்கட்சி. ஆதரவு தரும் கட்சிக்குத் தோழமைக் கட்சி, கூட்டணிக் கட்சி என்று வேறு பெயர்கள் இருக்கின்றன. ஆளும் தரப்புக்கு நேர் எதிர் வரிசையில் அமர்ந்திருப்பவர்கள் என்ற இருக்கைப் பொருளும் அந்தப் பெயருக்குப் பொருந்தும். ஒரு நல்ல சட்டத்தை எதிர்க்கட்சி ஆதரித்து வாக்களிக்கும்போது அந்தப் பெயரில் முரண்பாடு ஏதும் இல்லை. எதிர்க்கட்சித் தலைவர் என்ற பொறுப்புக்கு நாடாளுமன்றத்தில் 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஊதியமும் படியும் வகுத்தது. 2014 முதல் 2024 வரை மக்களவையில் அந்தப் பொறுப்பில் ஏற்பு பெற்றவர் எவரும் இல்லை. எதிர்ப்பு மட்டும் அந்தப் பத்தாண்டும் அவையில் இருந்துகொண்டுதான் இருந்தது.

தமிழ்நாட்டில் இந்தச் சொல் மிக ஆழமாகப் பதிந்தது ‘இந்தி எதிர்ப்பு’ என்ற தொடரில். இதன் எதிர்ச்சொல்லை எண்ணிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ‘இந்தி ஆதரவு’ என்று எண்ணிவிடுகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சென்னை மாகாண அரசு 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கி ஆணையிட்டது. அந்தக் கட்டாயத்தின் முன்னால்தான் மக்கள் போய் நின்றார்கள். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைப்பட்டிருந்த நிலையில் உயிரிழந்தார்கள். 1940 பிப்ரவரியில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. வந்தது கட்டாயம், நின்றது எதிர்ப்பு. ஆகவே ‘இந்தி எதிர்ப்பு’ என்பது ‘கட்டாய இந்தி எதிர்ப்பு’ என்பதன் சுருக்கம். அதற்கு நேர் எதிரே நிற்கும் சொல் ‘திணிப்பு’. பழைய வெண்பாவில் காஞ்சிக்கு எதிரே வஞ்சி நின்றது போலவே இங்கே எதிர்ப்புக்கு எதிரே திணிப்பு நிற்கிறது. இந்தியை விரும்பிப் படிப்பவரும் திணிப்பை எதிர்க்கலாம் என்பதற்குச் சொல்லிலேயே இடம் இருக்கிறது. தொடரைச் சுருக்கியதால் அந்த இடம் கண்ணுக்குத் தெரியாமல் போய், இன்றுவரை பலர் வீண் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒற்று. ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ என்று ‘ச்’ போட்டு எழுதுவதே சரி. ‘எதிர்ப்பு’ என்பது ‘ப்பு’ என்று முடிவதால் அது வன்றொடர்க் குற்றியலுகரம் (வல்லின மெய்யை அடுத்துக் குறுகி ஒலிக்கும் உகரத்தில் முடியும் சொல்); அதற்குப் பின் க, ச, த, ப வரிசை எழுத்துகள் வந்தால் வல்லினம் மிகும். எதிர்ப்புக் குரல், எதிர்ப்புத் தீர்மானம், எதிர்ப்புப் போராட்டம் என்று எழுதிப் பார்த்தால் காதே ஒத்துக்கொள்ளும். சக்தி என்ற சொல்லின் ‘ச’வை நாம் வடமொழி ஒலியோடு மென்மையாகச் சொல்வதால், அங்கே மட்டும் அந்த ‘ச்’ காதில் விழாமல் எழுத்திலும் விடுபட்டுவிடுகிறது. ‘எதிர்ப்பாற்றல்’ என்று எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை.

‘எதிர்’ என்ற அடியோடு நேரே சேரும் சொற்களில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. எதிர்க்கட்சி என்பதில் ‘க்’ வரும்; எதிர்காலம் என்பதில் வராது. எதிர்காலம் என்பது எதிர்ந்த, எதிர்கின்ற, எதிரும் காலம் என்று விரியும் வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. எதிர்க்கட்சியில் ‘எதிர்’ பெயராக நிற்பதால் நீர்க்குடம், தேர்க்கால் போல மிகுகிறது. எதிர்பார், எதிர்கொள் என்ற வினைகளிலும் ஒற்று மிகாது. ‘எதிர்ப்பார்க்கிறேன்’ என்று எழுதுவது இன்று மிகப் பரவலான பிழை. உங்கள் மகள் கட்டுரை எழுதும்போது இந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.